பவளத் தொட்டியின் உடன்வரு உயிர்கள்: தீங்கிலாதவற்றை இனங்காணும் முறை

1. வரையறை

கடலிலிருந்து எடுத்த பழைய பவளக் கூட்டின் துண்டை உயிர்ப்பாறை என்கிறோம். கல்லுக்கு உயிரில்லை, அதன் துளைகளில் பாக்டீரியா முதல் புழு வரை குடியிருக்கும் கூட்டமே அதற்கு இப்பெயரைத் தந்தது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றித் தொட்டி நீரை மீன் வாழத்தக்கதாக வைப்பது அந்தப் பாக்டீரியாக்களே. உயிர்ப்பாறையைக் கொண்டு தொட்டி வைக்கும் முறையை விளக்கி இந்தோனேசியாவின் லீ சின் எங் எழுதிய கட்டுரை 1961இல் நியூ ஜெர்சியின் ‘டிராபிக்கல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ இதழில் வெளிவந்தது. இன்று அமெரிக்காவின் எடிசன், ஃபிரிமான்ட், பிளேனோ ஆகிய ஊர்களில் பவளத் தொட்டி வைத்திருக்கும் நம்மவர் பின்பற்றுவதும் பெரும்பாலும் அம்முறையின் வழிவந்ததே.

வளர்ப்பவர் விரும்பி வாங்காமல், பாறையிலோ பவளத் துண்டிலோ ஒட்டி உள்ளே வந்துசேர்வது உடன்வரு உயிர். அவற்றுள் தீங்கிலாதது எது? உயிருள்ள பவளத்தையும் மீனையும் சிப்பியையும் உண்ணக் கூடாது. அவற்றைக் கொட்டக் கூடாது. அவற்றின்மேல் படர்ந்து மூடக் கூடாது. இம்மூன்றும் ஒருங்கே பொருந்தினால்தான் ஓர் உயிரைத் தீங்கிலாதது என்போம். ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி, அழகுடையதாயினும், கொட்டுவதால் இவ்வகுப்பில் சேராது.

2. வரும் வழி

ஃபுளோரிடாவை அடுத்த கூட்டரசுக் கடற்பகுதியில் இயற்கை உயிர்ப்பாறை எடுப்பது 1997இல் நின்றது. அதன்பின், குத்தகைக்குப் பெற்ற கடலடியில் கல்லைக் கொட்டி, உயிர்கள் படியவிட்டு எடுக்கிறார்கள். அத்தகைய பாறையில் மெக்சிகோ வளைகுடாவின் உயிர்கள் நிறைய வரும். வெறும் உலர்பாறையில் தொடங்கிய தொட்டிக்கோ பவளத் துண்டுகளின் அடிக்கட்டையே நுழைவாயில். எனவே பாறை எந்தக் கடலைச் சேர்ந்தது என்பதைக் கடையில் கேட்டுக் குறித்துவைப்பது இனங்காணலின் முதற்படி.

3. நோக்கும் ஒழுங்கு

இடம், அசைவு, உருவம், உணவு என்னும் வரிசையில் நோக்குதல் வேண்டும். பலர் உருவத்தில் தொடங்கிப் படங்களோடு ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள். கண்ணாடியிலும் மணலிலும் திரிவது எது, பவளத்தின் சதைமேலேயே தங்குவது எது என்று முதலில் பிரித்துக்கொண்டால் ஐயத்தின் பெரும்பகுதி தீரும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் சென்றபின் சிவப்பு ஒளியில் பார்ப்பது நன்று. பல உயிர்கள் வெளிவருவது இரவில்தான், சிவப்பு ஒளி அவற்றை அவ்வளவாகக் கலைப்பதில்லை.

4. வகுப்புகள்

அ) சுணைப்புழுக்கள். மிகுதியாக அஞ்சப்படுவதும், அநியாயமாகக் கொல்லப்படுவதும் இவ்வகுப்பே. தொட்டிகளில் பெரிதும் காணப்படுவது யூரித்தோயி பேரினத்தைச் சார்ந்தது. மன்னார் வளைகுடாவின் பாறையிடுக்குகளிலும் அது உண்டு. வெளிர் ரோஜா நிறம், கணுக்கணுவான உடல், ஒவ்வொரு கணுவின் இருபுறமும் வெண்சுணைக் கற்றை. இரவில் பாதி உடலை வெளியே நீட்டி, மணலில் கிடக்கும் தீவனத் துணுக்கைக் கவ்விப் பின்வாங்கும். எதிரே நத்தை உரசினால் சுணைகள் விரிந்து ஒரு கணம் தடித்துத் தெரியும். அச்சுணை சுண்ணத்தாலானது, தோலில் ஒடிந்து தங்கி எரியும். கையுறையின்றிப் பாறையைத் தூக்கலாகாது. ஆனால் வளர்ப்பவர் விரலுக்கு வரும் துன்பம் வேறு, தொட்டிக்கு வரும் தீங்கு வேறு. இறந்த மீன்மேல் இப்புழுக்கள் மொய்ப்பதைக் காலையில் கண்டவர் இவையே கொன்றன என முடிவுகட்டுகிறார்கள். இவை பிணந்தின்னிகள், பெரும்பாலும் சாவுக்குப் பின்னரே வந்தவை. அழுகி அம்மோனியாவாகும் முன்பே அவ்வுடலை அகற்றுவதால் இவற்றுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

இவற்றோடு மயங்கத்தக்கது ஹெர்மோடிசே என்னும் நெருப்புப்புழு. தலையில் மடிப்புடைய சதைத்திரளும் பக்கங்களில் செம்மை கலந்த செவுள் கொத்துகளும் அதன் அடையாளம். பவளத்தை உண்பது அது. மெக்சிகோ வளைகுடாப் பாறை வாங்கும் டெக்சாஸ் வாசகர் இவ்வேறுபாட்டைத் தவறாது அறிதல் வேண்டும்.

ஆ) நொறுங்கு நட்சத்திரமீன்களில் சிறியவை. ஆம்ஃபிஃபோலிஸ் ஐந்து கையுடையது, குஞ்சைத் தன்னுள் வைத்து வளர்ப்பது. ஓஃபியாக்டிஸ் பெரும்பாலும் ஆறு கையுடையது, உடல் இரண்டாகப் பிளந்து பெருகுவது. இரண்டும் துளைக்குள் இருந்து கைகளை மட்டும் நீட்டித் துகளுண்ணும்.

இ) சுருள்குழாய்கள். வெண்சுருளாக, இரண்டு மில்லிமீட்டரும் இல்லாமல் கண்ணாடியில் ஒட்டியிருப்பது ஸ்பைரார்பிட் புழு. வாயில் சிறு இறகுக் கொத்து தெரியும், தீங்கில்லை. இறகில்லாமல் சளி நூலை வலைபோல் வீசுவது வெர்மெட்டிட் நத்தை. நூல் படும் பவளம் சுருங்கும்.

ஈ) துடுப்புக்காலிகள், ஆம்பிபாடுகள். கண்ணாடியில் வெண்புள்ளிகளாக ஓடுபவை பாசியும் கழிவும் உண்டு மீனுக்கு இரையாகின்றன. அக்ரோபோரா பவளத்தின்மேல் மட்டுமே மஞ்சள் உடலும் சிவப்புப் புள்ளியுமாக அரை மில்லிமீட்டர் அளவில் தங்கும் டெகாஸ்டெஸ் இவற்றின் உறவே ஆயினும் தீங்கானது. இடமே முதல் அளவுகோல் என்றதன் காரணம் இதுதான்.

ஸ்டொமட்டெல்லா நத்தை, கைட்டன், வெண்கடற்பஞ்சு ஆகியவை குறித்து ஐயமே வேண்டாம்.

5. பெருக்கமும் ஐயவகுப்பும்

தீங்கிலா உயிரும் பெருகிக் கண்ணை உறுத்துவதுண்டு. அதன் காரணம் உயிரில் இல்லை, மிஞ்சும் தீவனத்தில் இருக்கிறது. புழுவைப் பொறிவைத்துப் பிடிப்பவர் தீவனத்தைக் குறைக்காவிடில், எஞ்சியவை மீண்டும் அதே அளவுக்குப் பெருகும்.

ஆஸ்டெரினா என வழங்கும், கைகள் சமமில்லாத சிறு நட்சத்திரமீனை எங்கும் சேர்க்க இயலவில்லை. பல தொட்டிகளில் அது பாசி மட்டுமே மேய்கிறது. சிலவற்றில் ஜோயாந்திட் பவளங்களை உண்டதாகச் சொல்கிறார்கள். ஒரே பெயரின்கீழ்ப் பல இனங்கள் புழங்குவதால் இரண்டும் உண்மையாகலாம். ஆகவே ஐயத்துக்குரிய சிலவற்றைத் தனிக் கலத்தில், அதே உப்பளவிலும் வெப்பத்திலும், ஒரு பவளத் துண்டோடு வைத்துச் சில இரவுகள் நோக்குக. சதை குறைந்தால் அகற்றலாம். குறையாவிடில் தொட்டிக்கே திருப்பி விடலாம்.