நோட்டீஸ் வண்டியும் கொலவெறியும்

அறுபதுகளில் எங்கள் பம்புளிக்கு (எழுத்தில்தான் பண்பொழி, வாயில் என்றைக்கும் பம்புளிதான்) புதுப்படச் சேதியைக் கொண்டுவந்தது மாட்டு வண்டி. இரண்டு பக்கமும் தட்டி கட்டி போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஒருவர் மேளம் அடிக்க, இன்னொருவர் ரோஸ் கலர் நோட்டீசை வீசிக்கொண்டே போவார். வண்டிக்கூலி, மேளக்கூலி, அச்சுக்கூலி எல்லாம் கொட்டகைக்காரர் பாடு. முப்பது வருஷத்துக்கு மேல் தபால் துறையில் இருந்தவன் நான். அதனால் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும், இதை யார் சுமக்கிறார்கள், கூலி யார் கொடுக்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

அந்தக் கூலியை மிச்சம் பிடித்த கதைதான் 'வைரல் மார்க்கெட்டிங்'. 1996-ல் ஹாட்மெயில் வந்தபோது, அதில் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'நீங்களும் இலவசமாகச் சேரலாம்' என்ற பொருளில் ஒரு வரி தானாகச் சேர்ந்துகொண்டது. கடிதம் போட்டவரே சம்பளமில்லாத தபால்காரர் ஆனார்! ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு கோடிக்கு மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். அதை ஆரம்பித்த இருவரில் ஒருவர் பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா.

2005-ல் யூடியூப் வந்தது. அடுத்த வருஷமே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிளெண்டெக் என்ற மிக்சி கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. முதலாளி டாம் டிக்சன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கோலிக்குண்டுகளை மிக்சியில் போட்டு அரைத்தார். 2007-ல் புத்தம்புது ஐபோனையே அரைத்தார். (நம் வீட்டில் விரலி மஞ்சளைப் போட்டாலே திட்டு விழும்.) முதல் சில வீடியோக்களுக்கு ஆன செலவு 50 டாலர்தான் என்று அந்தக் கம்பெனியே சொன்னது.

நம் பக்கத்து பெரிய உதாரணம் 'ஒய் திஸ் கொலவெறி டி'. ஐஸ்வர்யா இயக்கிய '3' படத்துக்காக, 21 வயது அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடியது. 2011 நவம்பரில் முழுசாகத் தயாராகாத பாட்டு எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் போலீசுக்கு ஓடியிருப்பார்கள். இவர்களோ ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பாடுவதையே படமெடுத்து, நவம்பர் 16 அன்று சோனி மியூசிக் மூலம் யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். செட் இல்லை, டான்ஸ் இல்லை. ஹெட்போன் மாட்டிய நான்கைந்து பேர்தான். சில நாட்களுக்குள் மொழி தெரியாதவர்களும் பாட ஆரம்பித்தார்கள். அமிதாப் பச்சன் ட்விட்டரில் புகழ்ந்தார். டிசம்பரில் ஜப்பான் பிரதமருக்கு மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்கு தனுஷுக்கும் அழைப்பு போனது.

2012 மார்ச் 30-ல் படம் வந்தது. பாட்டு ஓடிய ஓட்டத்தில் பாதிகூடப் படம் ஓடவில்லை. படம் மோசமா, இல்லையா என்பது வேறு விஷயம். அது மனநோயைப் பற்றிய சோகக்கதை. பாட்டைக் கேட்டுவிட்டுக் கலகலப்பை எதிர்பார்த்துப் போனவன் என்ன செய்வான்? கணக்கில் இதை நான் இப்படிப் பார்க்கிறேன்: சோனிக்கு அந்தப் பாட்டே சரக்கு, அது விற்றுவிட்டது. படத்துக்கோ அது நோட்டீஸ். நோட்டீசை உலகமே சுமந்தது. ஆனால் சுமந்தவர்களில் ஒருவர்கூட அப்போது படத்தைப் பார்த்திருக்கவில்லை.

இங்கே செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர் பரோட்டா இருக்கிறதே, அது நேர்மாறு. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்ததும் எல்லை நகர்ந்துவிட்டது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் நின்றது. அந்தப் பரோட்டாவின் பெயரை கேரளா வரை கொண்டுபோனவர்கள் லாரி டிரைவர்களும் குற்றாலத்துக்கு வந்தவர்களும். முதலில் சாப்பிட்டார்கள், பிறகுதான் சொன்னார்கள்.

இப்போது குற்றாலம் சீசனில் சாரலை விட வீடியோக்காரர்கள் அதிகம். அதில் யார் பசித்துச் சாப்பிட்டவர், யார் காசு வாங்கிச் சாப்பிட்டவர் என்று தெரிவதில்லை. மிச்சம் பிடித்த சுமைகூலி வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை, காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும் என்று விதிமுறை வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு. நான் பரோட்டா வீடியோ பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் தேடுகிறேன். கண்ணாடியைப் போட்டாலும் சில சமயம் கிடைப்பதில்லை.