பிரேக் பூஸ்டருக்கு மோட்டார் வந்த கதை

இரண்டு டன் எடையுள்ள வண்டியை ஒரு கால் எப்படி நிறுத்துகிறது? கால் மட்டும் நிறுத்துவதில்லை. மிதிக்கும் அழுத்தத்தைப் பெருக்கித் தர நடுவில் ஒரு கருவி இருக்கிறது. அதுதான் பூஸ்டர்.

1919-ல் வந்த ஹிஸ்பானோ-சூயிஸா எச்6 காரில் இந்தப் பலத்தை ஓடும் வண்டியிடமிருந்தே எடுத்தார்கள். கியர்பாக்ஸோடு சேர்ந்து சுழலும் ஒரு டிரம் பிரேக்கை இழுத்துக் கொடுத்தது. ரோல்ஸ்-ராய்ஸே 1924-ல் இதற்கு உரிமம் வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அடுத்து பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டெவான்ட்ர். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை அவர் பயன்படுத்தினார். 1927-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இந்த பூஸ்டரைத் தயாரிக்கத் தொடங்கியது. எளிமையானது, மலிவானது. பெரும்பாலான கார்களுக்குப் பல பத்தாண்டுகள் இதுவே போதுமாக இருந்தது.

பிறகு எதற்கு மோட்டார்? ஏபிஎஸ் வந்ததுதான் காரணம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்க, எண்ணெய் அழுத்தம் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். 1980களின் நடுவில் ஜெர்மனியின் டெவெஸ் நிறுவனம் மின்மோட்டார், பம்ப், அழுத்தத்தைச் சேமிக்கும் குடுவை, ஏபிஎஸ் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தது. 1998-ல் வந்த டொயோட்டா லேண்ட் குரூஸர் 100 வரிசையிலும் இதே வழியில் அமைந்த பூஸ்டர் உண்டு.

சிக்கலும் இங்கேதான். பிரேக் பிடிக்கப் பிடிக்கக் குடுவையில் அழுத்தம் குறையும், மோட்டார் ஓடி நிரப்பும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதன் கார்பன் பிரஷ் கொஞ்சம் தேயும். வெற்றிட பூஸ்டரில் தேய மோட்டாரே கிடையாது! வயதான வண்டியில் மோட்டார் வழக்கத்தைவிட அதிக நேரம் இரையும். ஒருநாள் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும். அதற்கு மேலும் ஓட்டினால் பெடல் கல்லாகிவிடும். பின்சக்கர பிரேக்குக்கான அழுத்தமும் அந்தக் குடுவையிலிருந்தே வருவதால் அதுவும் போய்விடும். மலையிறக்கத்தில் இப்படி நேர்ந்தால்?

முழு பூஸ்டரையும் மாற்றினால் செலவு எக்கச்சக்கம். அதனால் மோட்டாரை மட்டும் மாற்றுகிறவர்கள் நிறைய. அவர்கள் முதலில் சாவியை அணைத்துவிட்டுப் பெடலை 40 தடவையாவது மிதிக்க வேண்டும். குடுவையில் மிச்சமுள்ள அழுத்தத்தோடு இணைப்பைக் கழற்றினால் எண்ணெய் பீய்ச்சியடித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். வேலை முடிந்ததும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, மறுபடி 40 முறை மிதித்துச் சாவியைப் போடுகிறார்கள். நல்ல மோட்டார் ஒரு நிமிடத்துக்குள் குடுவையை நிரப்பித் தானாக அடங்கிவிடும்.