நந்தன் வேடத்தின் விலை



காசுக்காக நடிப்பவர் கலையை விற்கிறார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாகரசம்பட்டி வட்டாரத்தில் கூத்தாடுகிறவர்களும் பறையடிக்கிறவர்களும் இதையே வேறு சொற்களில் கேட்டவர்கள்: "ஊர்க் காரியத்துக்குக் கூலி பேசுவதா?" இப்படிக் கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பதுதான் கேள்வி. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தின் வரலாறு இதற்கு விடை சொல்லும்.

நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் வறுமையில் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்கு வந்தவர். 1933 டிசம்பரில் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். ஹசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் அவரைத் தேடி வந்தார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்பது சுந்தராம்பாளின் நிபந்தனை. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வந்தவர் திரும்பிப் போகட்டும் என்றே அந்தத் தொகையைக் கேட்டார் என்பார்கள். அவர்களோ ஒப்புக்கொண்டார்கள். நந்தன் ஆண் வேடம் என்பதால் நிபந்தனையும் நிலைத்தது. பண்ணை வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் ஓடவில்லை. ஆனாலும் சுந்தராம்பாளின் சொல் மாறவில்லை. பின்னாளில் 'ஔவையார்' (1953), 'திருவிளையாடல்' (1965) படங்களில் ஔவையாகவே வந்தார்.

விலை சொல்வது, நிபந்தனை வைப்பது, ஏற்ற வேடத்தை ஒழுங்காகச் செய்வது, வேண்டாததை மறுப்பது: தொழில் நெறி என்பது இவைதான்.

இனி நந்தனைப் பாருங்கள். சேக்கிழாரிடம் வேதியர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதிதான் தம் சரித்திரக் கீர்த்தனையில் அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் நந்தன் சிதம்பரம் போக ஆண்டையிடம் விடுப்புக்குக் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்தை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. கூலிப் பேச்சே இல்லை. வேலையைக்கூட இறைவன் அருள் முடித்துவிடுகிறது; உழைத்த கைகள் கதையிலிருந்து மறைந்துபோகின்றன. நந்தன் வேடத்துக்கு லட்சம் கிடைத்த 1935இல் நந்தனின் மக்களுக்குச் சிதம்பரம் கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லை. அதற்கான சட்டம் 1947இல்தான் வந்தது.

சுந்தராம்பாள் வாங்கிய பணத்தை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு இருந்த பேரம் பேசும் உரிமை நந்தனுக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதே என் கவலை. மகாராட்டிரத்தில் மகர் வதன் என்ற பரம்பரை ஊர் ஊழியத்தை ஒழிக்க 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்ததும் இதற்காகத்தான். கூலியும் நேரமும் வரையறுக்கப்படாத வேலை, தொழில் ஆகாது. அது அடிமை ஊழியம். ஓசூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பறைக்குழுவையும் கூத்துக்குழுவையும் நம் மேடைக்கு அழைக்கும்போது தொகையை முன்கூட்டியே பேசுவோம். வண்டிச் செலவும் சாப்பாடும் அதில் சேராமல் தனியாக இருக்கட்டும். "இயக்கத்துக்காகச் சும்மா அடியுங்கள்" என்று நாம் சொன்னால், ஊர்க்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம். அவர்கள் வரமுடியாது என்றால், அந்த மறுப்பையும் மதிப்போம்.