ஸ்பீக்கரை யார் கேட்பது: காதா, கண்ணா?

ஒரு கடைக்குப் போறீங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஸ்பீக்கர். ஒண்ணு இடுப்பு உயரம், பளபளன்னு மரப்பெட்டி. இன்னொண்ணு சின்னதா, பிளாஸ்டிக்ல. எது நல்லா பாடும்? பாட்டு போடறதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள பதில் சொல்லிட்டீங்க, இல்லையா? இன்னைக்குக் கதை அந்தப் பதிலைப் பற்றித்தான்.

ஹை-ஃபை உலகத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. ஒரு கட்சி, 'கருவி வைத்து அளந்து பார், அதுதான் உண்மை' என்று சொல்லும். எதிர்க்கட்சி, 'இசையை எப்படிய்யா அளப்பே? காதுதான் நீதிபதி' என்று சொல்லும். இந்தச் சண்டைக்கு நடுவில் போய் நின்றவர் ஃப்ளாய்ட் டூல்.

ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மனிதக் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? லண்டனில் இதை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய டூல், 1965இல் கனடாவின் ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்கிறார். அங்கே எதிரொலியே இல்லாத ஓர் அறை இருந்தது. சுவர், தரை, கூரை எல்லாமே சத்தத்தை விழுங்கிவிடும். ஸ்பீக்கரை அளக்கத் தோதான இடம்.

அளந்ததோடு அவர் நிறுத்தவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவும் வைத்தார். ஆனா சில கண்டிஷன். ஸ்பீக்கருக்கு முன்னால் திரை. எல்லாம் ஒரே சத்த அளவில் பாட வேண்டும். எது என்ன பிராண்ட், என்ன விலைன்னு யாருக்கும் சொல்லக் கூடாது.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும்னுதானே நினைப்போம்? மாறவில்லை. திரைக்குப் பின்னால் வைத்ததும் பெரும்பாலும் எல்லோரும் ஒரே ஸ்பீக்கர்களுக்குத்தான் நல்ல மார்க் போட்டார்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களின் மார்க் மட்டும் நிலையாக இல்லை.

மார்க்கையும் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஜெயித்த ஸ்பீக்கர்களின் வரைபடம் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக இருந்தது. முன்பக்கம் மட்டுமல்ல, பக்கவாட்டிலும். ஏன்னா வீட்டில் நாம கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டுத்தான் வருகிறது. ஆகவே முன்னால் ஒரு மைக் வைத்து அளந்தால் போதாது, சுற்றிச் சுற்றி அளக்க வேண்டும். 1985, 1986ஆம் ஆண்டுகளில் டூல் இதைக் கட்டுரைகளாக வெளியிட்டார்.

1991இல் அவர் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போகிறார். 1994இல் ஷான் ஆலிவ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட சோதனைதான் கதையின் கிளைமாக்ஸ். 40 பேர், நாலு ஸ்பீக்கர். ஒரு தடவை திரை போட்டு, ஒரு தடவை திரை இல்லாமல். திரை விலகியதும் மார்க் மாறிவிட்டது! பெரிய, விலை கூடின ஸ்பீக்கர்களுக்கு ஏறியது. சின்ன பிளாஸ்டிக் செட்டுக்கு இறங்கியது. இன்னொன்றும் நடந்தது. ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தால் சத்தம் நிஜமாகவே மாறும். திரை இருந்தபோது அதைக் கண்டுபிடித்தவர்கள், பார்த்துக்கொண்டே கேட்டபோது கிட்டத்தட்டக் கவனிக்கவே இல்லை. கண் பேச ஆரம்பித்ததும் காது வாயை மூடிக்கொண்டது.

இந்த வழியில் வளர்ந்த அளவுமுறை, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 10 டிகிரிக்கு ஒரு தடவை அளப்பது, 2013இல் அமெரிக்கத் தரநிலையானது. ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு: பேஸ் எப்படிக் கேட்கும் என்பதைப் பெரும்பாலும் உங்க ரூம்தான் முடிவு செய்யும்.

அப்போ யார் ஜெயிச்சாங்க? எதை அளக்கணும்னு கருவிக்குச் சொல்லிக்கொடுத்ததே காதுதான். உண்மையில் சண்டை அளவுக்கும் காதுக்கும் இல்லை, காதுக்கும் கண்ணுக்கும்தான்.

அடுத்த தடவை கடைக்குப் போனா, கூட ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு வைக்கச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா பாடறதே நல்லா இருக்கிற மாதிரி தோணும். நீங்க கண்ணை மூடிக்கோங்க, அவர் மாத்தி மாத்திப் போடட்டும். விலையை அப்புறம் கேட்டுக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.