பூந்தமல்லியில் ஒரு நீதிமன்றமும் ஒரு சட்டப் பிரிவும்

அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ பூந்தமல்லிக்குப் பேருந்தில் வருகிறவர்கள் அந்த நீதிமன்றத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக பெங்களூருக்குச் செல்லும் சாலை ஓயாது இரைந்துகொண்டிருக்கும் ஊரில், உயர்ந்த சுவரும் காவலரும் கொண்ட ஒரு கட்டடம் கண்ணில் படாமலே போய்விடும். ஆயினும் இந்தியக் குற்றவியல் சட்டத்தின் கடந்த நாற்பதாண்டு வரலாற்றை எழுத முனைகிறவர் தில்லிக்கு அடுத்தபடியாகப் போக வேண்டிய இடம் பூந்தமல்லி என்று நமக்குத் தோன்றுகிறது. நாடாளுமன்றம் எழுதியதும் அழித்ததும் திருத்தியதும் மனிதர்கள்மேல் எப்படி இறங்கின என்பதை இங்கே நடந்த வழக்குகளில் வரி வரியாகக் காணலாம். நாம் ஒரே ஒரு பிரிவை மட்டும் தொடர்ந்து போக விரும்புகிறோம். காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகுமா, ஆகாதா என்கிற பிரிவு அது.

அதன் வேர் சென்னை மாகாணத்திலேயே இருக்கிறது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கும்பினி அரசின் கீழ்நிலை ஊழியர்கள் மக்களை வதைக்கிறார்கள் என்ற பேச்சு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை எட்டியபின், 1854ல் சென்னையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் முறையீடுகள் வந்தன. நூற்றுக்கணக்கானோர் வெகுதூரம் நடந்து நேரில் வந்து சொன்னார்கள். 1855ல் வெளிவந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஏறிக்கொண்டன. ஒன்று கிட்டி: இரு கழிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது. ஒரு மொழி உலகுக்கு அளித்த கொடைகளைப் பட்டியலிடுகிறவர்கள் இவ்விரண்டையும் விட்டுவிடுவது இயல்புதான்.

இத்தகைய அனுபவங்களின் பின்னணியில்தான் 1861ன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், பின்னர் 1872ன் சாட்சியச் சட்டத்தின் 25ம் பிரிவும், காவல்துறை அதிகாரியிடம் செய்யப்பட்ட ஒப்புதல் எதையும் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று விதித்தன. அடிமை நாட்டுக்கு அந்நியர் எழுதிய சட்டம்தான். ஆனால் அந்த ஒரு வரியை எழுத வைத்தவர்கள் நடந்து வந்த அந்தக் குடியானவர்கள். அதை அந்நியச் சரக்கு என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

சுதந்திர இந்தியா அந்த வரிக்கு 1987ல் ஒரு விலக்கு அளித்தது. இந்திரா காந்தியின் கொலைக்கும் 1985 மே மாத தில்லி குண்டுவெடிப்புகளுக்கும் பின் கொண்டுவரப்பட்ட தடாச் சட்டம் 1987ல் மறுவடிவம் பெற்றபோது, அதன் 15ம் பிரிவு, கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத காவல்துறை அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. பஞ்சாபை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தப் பிரிவு தன் முழு வலிமையையும் பூந்தமல்லியில் காட்டியது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், பணியில் இருந்த காவலர்கள் உட்பட மேலும் பலரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் குற்றத்தின் கொடுமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கம் அன்று. வழக்கு பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் நடந்தது. 1991ல் பதிவான ஒப்புதல் வாக்குமூலங்கள் வழக்கின் முதுகெலும்பாக இருந்தன.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். 1993 மே மாதம் நாடாளுமன்றம் தடாவைத் திருத்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் அது உரிமைகளுக்குச் சாதகமான திருத்தம். குற்றப்பத்திரிகை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம் என்றிருந்ததை 180 நாட்களாகக் குறைத்தது (நீதிமன்றம் விரும்பினால் நீட்டிக்கலாம்). குற்றவாளி என்று முன்கூட்டியே ஊகிக்க இடம் தந்த சில உட்பிரிவுகளை நீக்கியது. அதே கையோடு 15ம் பிரிவில் சில சொற்களைச் செருகியது. ஒருவர் தரும் வாக்குமூலம் அவருக்கு எதிராக மட்டுமல்ல, உடன் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் உடந்தையாளருக்கும் சதியில் பங்கு கொண்டவருக்கும் எதிராகவும் செல்லும் என்பதே அச்சொற்களின் பொருள். காவல் நாட்களைக் குறைத்த திருத்தம் என்று அது பேசப்பட்டது. செருகப்பட்ட சொற்களைப் பற்றிப் பேச்சு எழவில்லை. சட்டத் திருத்தங்களைப் படிக்கையில், அரசு எதை விட்டுக்கொடுத்தது என்பதைவிட அதற்கு எதைப் பெற்றுக்கொண்டது என்று பார்க்கும் வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

1994 மார்ச்சில் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தடாவை ஆராய்ந்தார்கள். முதன்மைத் தீர்ப்பை எழுதிய எஸ். ரத்தினவேல் பாண்டியன் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். 15ம் பிரிவு மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தப்பியது. கே. ராமசாமியும் ஆர்.எம். சகாயும் அது செல்லாது என்றனர். பிரிவைக் காப்பாற்றிய பெரும்பான்மை, வாக்குமூலம் தந்தவரைத் தாமதமின்றி நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும், வதைக்கப்பட்டதாகச் சொன்னால் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பன போன்ற நெறிகளை வகுத்தது. பூந்தமல்லி வழக்கின் வாக்குமூலங்களோ அதற்கு வெகு முன்பே பதிவாகிவிட்டன.

1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத் தண்டனை என்று பூந்தமல்லியில் தீர்ப்பாயிற்று. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் விதித்தது. தடாவின் கீழான பயங்கரவாதக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அத்தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின் கீழ் பெறப்பட்ட வாக்குமூலங்கள் மட்டும் கொலை வழக்குக்குப் பயன்பட்டன. ஒருவரது வாக்குமூலம் மற்றவருக்கு எதிராக எவ்வளவு எடை கொள்ளும் என்பதில் நீதிபதிகளே பிரிந்தார்கள். அது துணைச் சான்று மட்டுமே என்று கே.டி. தாமஸ் கருத, மற்ற இருவரும் முதன்மைச் சான்று என்றார்கள். 1993ல் செருகப்பட்ட சொற்கள் இங்கே வேலை செய்தன. தடா 1995 மே மாதத்திலேயே காலாவதியாகியிருந்தது. தேசிய மனித உரிமை ஆணையத் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா அவ்வாண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்துக்கு அதில் பங்குண்டு.

பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. கண்காணிப்பாளர் வி. தியாகராஜன் பணி ஓய்வுக்குப் பின், 2013ல், ஓர் உண்மையை வெளியிட்டார். பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் கூறினார். கிட்டியும் வேண்டாம், அண்ணாந்தாளும் வேண்டாம், ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டாலே போதும் என்பதை 1855ன் குழுவினர் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானார். கைதாகி முப்பத்தோராவது ஆண்டு நிறையும் தறுவாய் அது.

பொடா வந்த கதை வேறு விதமானது. 2001 அக்டோபரில் அவசரச் சட்டமாகப் பிறந்து, மாநிலங்களவையில் தோற்று, 2002 மார்ச் 26 அன்று இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று நிறைவேறியது. இந்தியக் குடியரசின் வரலாற்றில் அது மூன்றாவது கூட்டுக் கூட்டம். தடாவின் தழும்புகளை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பது அதில் தெரியும். ஒப்புதல் தந்தவரை 48 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். உடன் குற்றம்சாட்டப்பட்டவர் பற்றிய சொற்கள் இல்லை. தீய நோக்கோடு வழக்குப் போடும் அதிகாரிக்குத் தண்டனை, மறுஆய்வுக் குழு, மூன்றாண்டு ஆயுள் எல்லாம் இருந்தன.

இத்தனை காப்புகளும் எட்டாத ஓரிடத்தில் சட்டம் தமிழ்நாட்டைத் தாக்கியது. 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் பேசியதற்காக வைகோ ஜூலை 11ல் பொடாவில் கைதானார். ஆளும் கூட்டணியில் இருந்துகொண்டு அச்சட்டத்தை ஆதரித்த கட்சியின் தலைவர் அவர். பழ. நெடுமாறனும், அடுத்த ஆண்டு நக்கீரன் கோபாலும் அதே சட்டத்தில் சிறை சென்றார்கள். வாக்குமூலம் தேவைப்படவே இல்லை; மேடையில் பேசியதே போதுமாக இருந்தது. வேலூர்ச் சிறைக்கும் பூந்தமல்லிக்குமாகப் பத்தொன்பது மாதங்கள் கழிந்தன. 2003 டிசம்பர் 16ல் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கமின்றி வெறும் ஆதரவு தெரிவிப்பது குற்றமாகாது என்று விளக்கியது. ஓராண்டுக் காவலுக்குப் பின் பிணையைச் சாதாரண முறையில் கேட்கலாம் என்றும் பொருள் கொண்டது. அதே காலத்தில் நாடாளுமன்றமும் பொடாவைத் திருத்தி மறுஆய்வுக் குழுவின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்றாக்கியது. ஆளுங்கட்சி வரிசையில் இருந்தவர்களே சிறையில் இருந்ததும் அந்தத் திருத்தத்துக்கு ஒரு காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

2004ல் பொடா நீக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி 1967ன் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடிபெயர்ந்தது. காவல்துறை வாக்குமூலப் பிரிவு மட்டும் வரவில்லை. மத்தியச் சட்டங்களில் விலக்கு முடிந்து 1872ன் வரி திரும்பியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23ம் பிரிவாக இருக்கிறது. இதற்காக யாரும் விழா எடுத்ததாக நினைவில்லை.

ஆனால் 1993ன் கணக்கு இங்கும் பொருந்துகிறது. தடாவும் பொடாவும் கெடு வைத்துப் பிறந்தவை. கெடு முடியும்தோறும் ஆட்சியாளர்கள் அவையில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருந்தது. 1967ன் சட்டத்துக்குக் கெடு கிடையாது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008 டிசம்பரில் அதில் சேர்க்கப்பட்ட 43டி பிரிவின்படி, குற்றச்சாட்டு முதல்நோக்கில் மெய் என்று தோன்றினால் பிணை இல்லை. பொடாவில் இருந்த ஓராண்டு வரம்பும் இல்லை. 2019ல் தனிமனிதரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அதிகாரமும் சேர்ந்தது. நீண்ட காலம் விசாரணை முடியாதபோது நீதிமன்றங்கள் பிணை தரலாம் என்று 2021ல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல நேர்ந்தது, நாடாளுமன்றம் சொல்லவில்லை.

தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகளைக் கேட்கும் சிறப்பு நீதிமன்றமும் பூந்தமல்லியில்தான் அமைந்தது. இப்போது அங்கே வாதம் பெரும்பாலும் வாக்குமூலத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. பிணையைப் பற்றியது.