லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு எந்த மோடம்? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம்தான் பாஸ். ஆனால் நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இப்போது பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட வேண்டியதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டணமில்லா இயங்குதளம் ஒன்றை நிறுவினால், பிள்ளைகளின் படிப்புக்கும் பட்டுக் கடைக் கணக்குக்கும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

லினக்ஸ் போட்டபின் "நெட் வரவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. பல நேரங்களில் குறை லினக்ஸில் இருப்பதில்லை. மோடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது.

அடிப்படை விதி

இணைப்புக்கான லாகினை மோடமே செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் செய்யக் கூடாது. யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் மோடத்திலேயே பதிந்துவிட்டால், கம்ப்யூட்டருக்கு அது வெறும் லேன் இணைப்புதான். அப்போது விண்டோஸ், லினக்ஸ் என்ற வேறுபாடே இல்லை. டிரைவர் சிடியும் தேவையில்லை.

எந்த வகை ஏற்றது?

1. லேன் போர்ட் உள்ள பைபர் மோடம்: இதுவே முதல் தேர்வு. ஓஎன்டி என்பார்கள். இதில் ஜிபான், இபான் என இரு வகை உண்டு. சொந்தமாக வாங்குவதாக இருந்தால், தங்கள் லைன் எந்த வகை என்பதை இணைப்பு தருபவரிடம் கேட்டபின் வாங்குங்கள். டெலிபோன் லைனில் ஓடிய பழைய ஏடிஎஸ்எல் மோடம் பைபருக்கு உதவாது.

2. யூஎஸ்பி வழியாக மட்டும் இணையும் பழைய மோடம்: தவிர்த்துவிடுங்கள். இதற்குத் தனி டிரைவர் வேண்டும். பெட்டியில் வரும் சிடி பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே.

3. சிம் போடும் டாங்கிள்: சில டாங்கிள்கள் சொருகியதும் சிடி டிரைவ் போலத் தோன்றும். அவற்றை மோடமாக மாற்ற யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் லினக்ஸில் இருக்கிறது. ஆனாலும், பிரவுசரிலேயே அமைப்புகளை மாற்றக்கூடிய டாங்கிளோ, வைஃபை தரும் ஹாட்ஸ்பாட் கருவியோ வாங்கினால் சிரமம் குறைவு.

வைஃபை மட்டும் வரவில்லையா?

லேன் கேபிளில் நெட் வந்து வைஃபையில் வராவிட்டால், மோடத்தை மாற்றிப் பயனில்லை. லேப்டாப்பில் உள்ள வைஃபை சிப்புக்கு டிரைவர் வேண்டியிருக்கலாம். கேபிளை மாட்டி அப்டேட் செய்யுங்கள். கேபிள் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போடுங்கள். பெரும்பாலான போன்களை லினக்ஸ் உடனே ஏற்றுக்கொள்ளும். பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரியாது. எனவே மோடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸை அணைக்காமல் வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். இணைப்பு தருபவர் வீட்டுக்கு வரும்போது அவர் முன்னிலையிலேயே சோதித்துவிடுங்கள். "லினக்ஸில் ஓடுமா?" என்று கேட்டால் சிலர் தெரியாது என்பார்கள். அதற்குப் பதிலாக இந்த மூன்றையும் கேளுங்கள்:

- லேன் போர்ட் இருக்கிறதா?
- லாகின் விவரம் மோடத்திலேயே பதியப்படுமா?
- மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டை நமக்குத் தருவீர்களா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால் தயங்காமல் வாங்கலாம்.

மேலும் சந்தேகம் இருந்தால், காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினரிடம் தமிழிலேயே கேட்கலாம். 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழிலும் எளிய தமிழில் லினக்ஸ் கட்டுரைகள் இருக்கின்றன. புது லேப்டாப்புக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் முன், வீட்டில் இருப்பதை ஒருமுறை இப்படிச் சோதித்துப் பார்ப்போம்.