மயக்க மருந்தும் பழ ஈயும்

பசுவந்தனையில் ஒரு பழக்கடை. கனிந்துபோன வாழைத்தாரைச் சுற்றிப் பொடி ஈக்கள் பறக்கின்றன. கடைக்காரர் கையை வீசி விரட்டுகிறார். இந்த வகை ஈக்களில் ஒன்றுதான், ஆபரேஷன் தியேட்டரின் ஒரு பெரிய புதிரை அவிழ்க்க விஞ்ஞானிகளுக்குக் கை கொடுத்தது.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் ஒரு நோயாளியை ஈதர் ஆவியால் மயக்கிக் காட்டினார். வலியில்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் ஈதர் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாத மருந்து தேடி, 1951-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் சார்லஸ் சக்ளிங் ஹாலோத்தேனைத் தயாரித்தார். 1956-ல் அது நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது.

மருந்து வந்துவிட்டது. ஆனால் அது மூளையில் என்ன செய்கிறது? நரம்பு செல்களின் கொழுப்புச் சவ்வில் கரைந்து மயக்குகிறது என்பதுதான் 1900 வாக்கில் பிறந்த பழைய விளக்கம். அது உண்மையென்றால், ஒரே ஒரு மரபணு மாறுவதால் மயக்கத்தில் பெரிய வித்தியாசம் வருமா?

இதைச் சோதிக்க மனிதனைப் பயன்படுத்த முடியாது. பழ ஈயைப் பயன்படுத்தலாம். பத்து நாளில் அடுத்த தலைமுறை தயார்! அதற்கும் ஹாலோத்தேன் கொடுத்தால் மயக்கம் வரும். நிற்க முடியாமல் சரிந்து விழும்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கே.எஸ்.கிருஷ்ணன், அமெரிக்காவின் ஹோவர்ட் நாஷுடன் சேர்ந்து இந்தச் சோதனையில் இறங்கினார். (இயற்பியல் அறிஞர் கே.எஸ்.கிருஷ்ணன் வேறு, இவர் ஈக்களின் நரம்புகளை ஆராய்ந்தவர்.) மரபணுக்களில் மாற்றம் உண்டாக்கப்பட்ட ஈக்களில், ஹாலோத்தேனுக்கு எளிதில் மசியாதவற்றை அவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். 1990-ல் முடிவு வெளியானது. மரபணு மாறினால் மயக்கமும் மாறுகிறது!

அந்த ஈக்கள் சிலவற்றில் மாறியிருந்த மரபணு, நரம்பு செல்லுக்குள் மின்னேற்றத் துகள்களை விடும் ஒரு வாசலை உருவாக்குவது என்று 2002-ல் தெரிந்தது. அதே வாசல் மனிதனிடமும் உண்டு. அதன் மரபணு பழுதானதால் தசை தளர்ந்து, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகள் இருப்பதை 2013-ல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மயக்கத்தைத் தேடிய வழி, ஒரு நோயின் வாசலில் போய் நின்றது.

மயக்க மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு இன்றும் முழு விடை இல்லை. கிடைத்திருக்கும் விடையில் ஒரு பங்கு, வாழைப்பழத்தில் மொய்க்கும் இந்தச் சின்ன ஈக்குச் சேர வேண்டியது.